அலுமாரிக் கதவில் இருந்தவர்

எங்கள் வீட்டில் மீசை இல்லாத ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் குசினிக்குப் பக்கத்துச் சாமித்தட்டில் மயிலோடு நின்ற முருகன். மற்றவர் சித்தியின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தார். அப்பாவுக்கு மீசை இருந்தது. டோர்ட்மண்டில் எங்களுக்குத் தெரிந்த மாமாமார் எல்லோருக்கும் மீசை இருந்தது. தமிழ்க்கடை மாமா வீட்டுக்கு வந்தால் அவருடைய மீசைதான் முதலில் உள்ளே வரும் என்று அப்பா சொல்லுவார். ஆகவே மீசை வைத்த ஆண்கள் வீடுகளிலும் கடைகளிலும் இருப்பார்கள், வைக்காதவர்கள் படங்களில் இருப்பார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்போது இரண்டாம் வகுப்புப் படித்தேன். பள்ளிக்கூடத்து ஜேர்மன்காரர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அலுமாரிக் கதவுக்காரர் யப்பானியப் படக்கதை ஒன்றில் இளவரசர். பின்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டிய அந்தப் புத்தகங்களை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், வாங்கிச் சித்தி கட்டிலுக்குக் கீழே, குளிர்காலச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இளவரசருக்கு இடுப்புவரை வெள்ளி நிறத் தலைமுடி. கூரான நாடி. கன்னத்தில் நிழல் விழும் அளவுக்கு நீண்ட இமைகள், ஊதா நிறக் கண்கள். கையில் வாள் இருந்தாலும் அதை அவர் பூங்கொத்தைப் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தார். ஏதோ ஒரு சாபத்தால் அவருக்குப் பேச்சுப் போய்விட்டிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணாலேயே சொல்லுவார். அவர் வரும் பக்கங்களில் எல்லாம் பூவிதழ்கள் விழுந்துகொண்டிருக்கும். வீட்டுக்குள் நின்றாலும் விழும். அம்மா மட்டும் அந்தக் கதைக்குள் இருந்திருந்தால் இதையெல்லாம் யார் கூட்டுவது என்று முதற்பக்கத்திலேயே கேட்டிருப்பார்.

இப்படிப்பட்ட இளைஞர்களுக்கென்றே யப்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது, பிஷோனென் என்று சித்தி எனக்குச் சொல்லித் தந்தார். அழகான வாலிபன் என்று அர்த்தமாம். ஆண்பிள்ளையை வடிவு என்று சொல்லலாமா என்று கேட்டேன். ஏன் சொல்லக்கூடாது, முருகனைச் சொல்லுகிறோமே என்றார். அது எனக்குச் சரியாகவே பட்டது. முருகனுக்கும் பெரிய கண், சிவந்த உதடு, ஒரு கையில் வேல். இருவரையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

ஆனால் இளவரசர் அழுவார், அதுதான் வித்தியாசம். ஒரு கண்ணிலிருந்து ஒரேயொரு துளி இறங்கும். மூக்குச் சிவக்காது, முகம் கோணாது. ஆண் ஒருவர் அழுது நான் பார்த்தது அந்தப் புத்தகத்தில்தான். நானும் அப்படி அழவேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்திருக்கிறேன். எனக்கு மூக்கிலிருந்துதான் முதலில் வந்தது.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. சிறுமியாக இருந்தபோதே அம்மாவோடு ஜேர்மனிக்கு வந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். நான் பிறந்ததிலிருந்தே சித்தியும் நானும் ஒரே அறைதான். அவர் அப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தார். தொழில் பழகும் அந்தக் காலம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவரும் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். கழற்றினால் என் முகமே அவருக்குப் புகையாகத்தான் தெரியும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சுவரோரமாக நடந்துபோய் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, அதே சுவரோரமாகத் திரும்பி வருவார். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வார். இரவில் படுக்கப் போகும் முன் அலுமாரியைத் திறந்து, உடுப்பு எடுப்பது போல ஒரு நிமிடம் அந்தப் படத்தின் முன் நிற்பார். உடுப்பு எதுவும் எடுக்கமாட்டார்.

படத்தில் இருந்தவரைச் சித்தி பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. அவர் என்றுதான் சொல்லுவார். புதிய புத்தகம் வந்தால், “இந்த முறை அவர் என்ன செய்தவர் தெரியுமோ?” என்று தொடங்குவார். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவைப் பெயர் சொல்லமாட்டார். அவர் வந்திட்டார், அவர் இன்னும் சாப்பிடேல்லை என்றுதான் பேச்சு. ஆகவே சித்தியின் அவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தூர தேசத்தில் இருக்கிறார், பேச்சு வராது, அதனால்தான் ரெலிபோன் எடுப்பதில்லை. ஒருநாள் வருவார்.

அவர் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது என்று எனக்கு அந்த வசந்தகாலத்தில் பட்டது. ஏனென்றால் அம்மா சித்திக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். பின்னேரங்களில் ரெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டியபடியே கதைப்பார். பிள்ளை சரியான அமைதி. டொச் தண்ணி மாதிரிக் கதைப்பாள், எழுதுவாள். விசா நிரந்தரம். சமையல் எல்லாம் தெரியும். பிறகு குரல் கொஞ்சம் இறங்கும். “நிறம் மட்டும் கொஞ்சம் மட்டு. ஆனா முகவெட்டு நல்லம்.” தினமும் கேட்டதில் எனக்கு அது திருப்புகழ் போலப் பாடமாகிவிட்டது. சித்தி பக்கத்து அறையில் இருந்து அதே சொற்களைக் கேட்டுக்கொண்டு என் வீட்டுப்பாடத்தைத் திருத்துவார்.

சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. அவுஸ்பில்டுங் முடியட்டும் அக்கா என்று சித்தி சொல்லிவிட்டார். அதுவரையில் அவரிடம் இருந்த ஒரே பதில் அதுதான். அம்மாவும் அதை ஏற்றுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருந்தார். சுவிஸ் எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் கேட்டேன். ரயிலில் ஒரு பகல் என்றார். ஒரு பகல் தூரத்தில் இருக்கும் சித்தியை வைத்து நான் என்ன செய்வது? இரவில் யார் கதை வாசிப்பது? அவர் மட்டும் வந்து சித்தியைக் கட்டிக்கொண்டால், அவருக்கு இங்கே சொந்தபந்தம் இல்லாதபடியால், எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அலுமாரியில் இடமும் இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் சித்தி என் காதுக்குள், “சனிக்கிழமை டுசல்டோர்ஃப் போறம். அங்கை அவர் வருவார். அம்மாட்டைச் சொல்லாதை” என்றார்.

டுசல்டோர்ஃபில் யப்பான்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெயில் வந்ததும் ரைன் ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு விழா நடக்கும். படக்கதைகளை நேசிக்கும் பிள்ளைகள் ஜேர்மனியின் நாலாபக்கமும் இருந்து, தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வருவார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அம்மாவிடம் கப்பல் பார்க்கப் போகிறோம் என்று சித்தி சொன்னார். ரைனில் கப்பல் ஓடுவதால் அது பொய் என்றும் சொல்ல ஏலாது. அம்மா புளிச்சாதம் கட்டித் தந்தார்.

டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்தில் சித்தியின் தோழி காத்திருந்தார். அவர் ஒரு ஜேர்மன் பெண். தையல் பழகுபவர், உரத்த குரல்காரி, கையில் ஒரு பெரிய உருட்டுப்பெட்டி. ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வாறன் என்று சித்தி அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு எங்கோ போனார். தோழி என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்து கற்படியில் இருத்தினார். எங்களைச் சுற்றி நீலத் தலைமுடியும் பச்சைத் தலைமுடியும் வால்களும் செட்டைகளுமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மீசை இல்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அவர் வந்தார்.

முதலில் கூட்டம் விலகியது தெரிந்தது. பிறகு வெள்ளி முடி. நீல அங்கி, இடுப்பில் வாள், உயரமான சப்பாத்து. பாதையின் நடுவால் வந்தார், ஒருவருக்கும் ஒதுங்காமல். மாவு பூசிய வெள்ளை முகத்தில் ஊதாக் கண்கள். பூ மட்டும் விழவில்லை, ஆனால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜேர்மன் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். அவர் தலையை மெல்லச் சரித்துச் சம்மதம் சொல்லி, ஒவ்வொருத்திக்கும் முன்னால் வாளை ஒருமாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசவில்லை. கதையில் உள்ளபடியே பேசவில்லை.

ஐஸ்கிறீம் முழங்கையில் வழிந்தது. உலகத்தில் அவ்வளவு வடிவான ஒருவரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. ஆனால் நான் போனது பார்த்துக்கொண்டு நிற்க அல்ல. சித்தி வந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சுவரோரம் போய்விடுவார், அதற்குள் விஷயத்தை முடிக்க வேண்டும். தோழியின் கையை உதறிவிட்டு வரிசையை வெட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவருக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை என்பதால் டொச்சில், பள்ளிக்கூடத்து அதிபரோடு பேசும் மரியாதையோடு, எங்கள் சித்தியைக் கலியாணம் கட்டுவீர்களா என்று கேட்டேன்.

அவர் அசையாமல் நின்றார். பின்னால் நின்ற பெட்டைகள் சிரித்தார்கள். பதில் இல்லாததால், அம்மா செய்வது போலப் பெண்ணைப் பற்றிய விபரங்களைச் சொல்லத் தொடங்கினேன். சித்தி சரியான அமைதி. டொச் தண்ணீர் மாதிரி. விசா நிரந்தரம். சமையல் எல்லாம் தெரியும், புட்டு நல்லாக அவிப்பார். பிறகு, அந்த இடத்தில் எப்போதும் குரலை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால், கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன். நிறம் மட்டும் கொஞ்சம் மட்டு என்று அம்மா சொல்லுவார். ஆனால் எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது.

அவர் என் முன்னால் முழந்தாளில் இருந்தார். நீல அங்கி நிலத்தில் விரிந்தது. அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. இடது கண்ணிலிருந்து ஒரேயொரு துளி இறங்கி, வெள்ளைப் பூச்சில் கோடு கிழித்தது. மூக்குச் சிவக்கவில்லை. புத்தகத்தில் உள்ளது போலவே இருந்தது.

அதற்குள் தோழி ஓடிவந்து, ஐயோ அழாதே, லென்ஸ் கழன்றுவிடும், அது ஒரு சோடிதான் இருக்கிறது என்று கத்தினார். என்னைப் பார்த்து, கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணுக்குள் நிற லென்ஸ் போட்டால் இப்படித்தான் தண்ணீர் வரும், வேறொன்றும் இல்லை என்று விளக்கினார். நான் தலையாட்டினேன். ஊதாக் கண் வேண்டுமென்றால் அந்தளவு நோவு இருக்கத்தானே செய்யும்.

அவர் எழுந்து, கூட்டத்துக்குள்ளால் என்னைக் கூட்டிப்போகக் கையை நீட்டினார். என் உள்ளங்கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தார். தெருக் கடக்கும்போது சித்தி மட்டும்தான் என்னை அப்படிப் பிடிப்பார். உள்ளங்கை வியர்த்து வழுக்கிவிடும் என்று அவருக்கு எப்போதும் பயம். நான் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு மணிக்கட்டோடு நின்றுவிட்டிருந்தது. சுட்டுவிரலில், சித்திக்குத் தோசைக்கல் சுட்ட அதே தழும்பு.

படத்தில் இருந்தவர் வரவில்லை என்று ஏமாற்றமாக இருந்தது. அதே நேரம், அவர் இவ்வளவு நாளும் எங்கள் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார் என்ற சந்தோஷமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால் ஐஸ்கிறீம் கூம்பைத் தின்று முடித்தேன். பின்னேரம் முழுவதும் அவரை நீங்கள் என்று அந்நியரோடு பேசுவது போலவே டொச்சில் பேசினேன். அவரும் ஒரு சொல் பேசவில்லை. மூன்று பேரும் அரச மரியாதையோடு படியில் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். கால் மேல் கால் போட்டு, ஆற்றைப் பார்த்து, வாயை மூடாமல் சத்தமில்லாமல் சிரித்த அந்த முகத்தை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. கப்பல் ஒன்றும் போனது. அம்மாவிடம் சொல்ல அது உதவும் என்று கவனித்து வைத்தேன்.

உடுப்பு மாற்றுவதற்காக ரயில் நிலையத்துக்குத் திரும்பினோம். தோழி தண்ணீர் வாங்கப் போயிருந்தார். கழிவறைக்குப் போகும் படியில் நாங்கள் இறங்கும்போது, கீழிருந்து தமிழ்க்கடை மாமா மீசையோடு ஏறி வந்தார்.

“பிள்ளை! நீ இஞ்சை என்ன செய்யிறாய்?”

“சித்தியோட வந்தனான் மாமா.”

“சித்தி எங்கை?”

என் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வெள்ளி முடி கன்னத்தை மறைத்திருந்தது. பாதையின் நடுவால் நடந்து வந்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வருவா” என்றேன்.

மாமா அந்த வெள்ளி முடியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். சரி பிள்ளை, கவனம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோன் வந்தது. அம்மா வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்ததும் குசினிக் கதவைச் சாத்தினார். நான் மேசைக்குக் கீழே இருந்தது அவருக்குத் தெரியாது.

“ஆர் அந்தப் பெடியன்?”

“எந்தப் பெடியன் அக்கா?”

“நீட்டு முடியோட. பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவனாம். பிள்ளையை அவனிட்டை விட்டிட்டு நீ எங்கை போனனி? உன்னைத்தான் கேக்கிறன், ஆர் அவன்?”

“அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

“அண்ணை கண்ணாலை கண்டிருக்கிறார். பொய் சொல்லுறாரோ?”

“இல்லை அக்கா. ஆனா அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

சித்தியின் குரல் வரவரச் சிறுத்துக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும், ஏன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அது நான்தான் அக்கா, விளையாட்டுக்கு வேசம் போட்டனான் என்றால் அம்மா சிரித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஒரு பெடியனோடு திரிந்தாள் என்று பேர் கேட்பதைவிட, அந்தப் பெடியன் நான்தான் என்று சொல்வது சித்திக்குக் கடினமாக இருந்திருக்கிறது. அந்தப் பெடியனைப் பற்றி அம்மா கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. ஏன் ஆணாக உடுத்தினாய் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சித்தியைக் காப்பாற்ற வேண்டும் என்று மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்தேன். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குப் போய் அலுமாரிக் கதவை விரியத் திறந்தேன்.

“இவர்தான் அம்மா. இவரைத்தான் நாங்கள் பார்க்கப் போனனாங்கள்.”

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இது பொம்பிளைப் பிள்ளை எல்லே!” என்றார்.

“இல்லை, ஆம்பிளை” என்றேன்.

“இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வந்து பாருங்கோ.”

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். மீசை இல்லைத்தான், ஆனால் முருகனுக்கும் இல்லைத்தானே என்றார். அம்மா சிரித்துவிட்டார். சின்னப்பிள்ளையின் பேச்சைக் கேட்டு வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. அப்பா திரும்பிப் போகும்போது சித்தியின் தோளிலிருந்து ஏதோ ஒன்றை விரலால் எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நீளமான ஒரு வெள்ளி முடி. அதை விரலில் சுற்றி சேர்ட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

ஆனால் அம்மாவின் சிரிப்பு இரவு வரைதான் நின்றது. தமிழ்க்கடை மாமா கண்ட பெடியன் படத்தில் இருந்தவன் அல்ல, படிக்கட்டில் நின்றவன். கடை என்றால் நாலு பேர் வந்துபோகும் இடம். சுவிஸ்காரர்களின் காதுக்குப் போக எத்தனை நாள் எடுக்கும் என்று அம்மா அப்பாவிடம் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தாய் இல்லாத தங்கையைத் தானே வளர்த்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. ஒரு வருடம் பொறுக்கலாம் என்ற பேச்சு அந்தக் கிழமையே போய்விட்டது. கண்ணாடிக் கடைகள் சுவிஸிலும் இருக்கின்றன, மிச்சத்தை அங்கே படிக்கலாம் என்றார் அம்மா. சித்தி ஓம் என்றார். அம்மா மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் ஓம் என்றார்.

மாப்பிள்ளை நல்லவர். எனக்குச் சொக்லேட் கொண்டுவந்தார். அளவாக வெட்டிய மீசை. சித்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது எழுந்து நின்று வாங்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நான் எவ்வளவோ முயற்சி செய்தேன், வரவில்லை.

போகும் கிழமை சித்தி பெட்டி அடுக்கினார். புத்தகங்களை எனக்குத் தந்தார். வெள்ளி முடியும் அங்கியும் தோழியிடம் போய்விட்டன. அலுமாரி வெறுமையாக இருந்தது, கதவில் மட்டும் அவர் இருந்தார்.

“இவரைச் சுவிஸுக்குக் கொண்டுபோகேல்லையோ சித்தி?”

“அவருக்கு விசா இல்லைக் குஞ்சு” என்றார் சித்தி. படத்தின் ஒரு மூலை கழன்றிருந்தது. அதைப் பெருவிரலால் அழுத்தி, அது திரும்பவும் ஒட்டும்வரை அப்படியே நின்றார்.

இலையுதிர்காலத்தில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. படத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று அம்மா சித்தியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்திருந்தார். நான் பாவாடை சட்டையோடு தோளில் ஒரு சின்னக் கைப்பை மாட்டி, அதற்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அந்தப் பொறுப்பின் கனத்தில் நிமிர்ந்து நடந்தேன். சித்தியின் முகத்துக்கு மாவு பூசியிருந்தார்கள். அது கழுத்துவரை சரியாக வந்திருந்தது, கைகளுக்கும் பூசியிருந்தார்கள். நிறத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் குரலை இறக்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டியிருந்தது. பட்டும் கல்லும் வைத்த, முன்னால் குஞ்சம் தொங்கும் பெரிய தலைப்பா. அது அவருடைய தலைக்குப் பெரிதாகிவிட்டது. ஐயர் குனியச் சொல்லும்போதெல்லாம் நெற்றிக்குச் சரிந்து கண்ணை மறைத்தது. மாப்பிள்ளைத் தோழன் தள்ளிவிடுவார், திரும்பவும் சரியும். சபையில் சிரிப்புக் கிளம்பியது. மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது தலை குனிந்திருந்த சித்தி தன் கொண்டையிலிருந்து இரண்டு ஊசியை உருவினார். அவர் பக்கம் திரும்பி, தலைப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, காதுக்கு மேலே ஒன்று, பிடரியில் ஒன்று என்று உள்ளே செருகினார். கண் தெரியாமலே செய்தார். அதற்குப் பிறகு அது அசையவில்லை.

மண்டபம் முழுவதும் கைதட்டியது. இப்பவே தொடங்கிவிட்டாள் என்று யாரோ பகிடி விட்டார்கள். மாப்பிள்ளை நன்றியோடு சிரித்தார். சித்தியின் கைகள் மட்டும் தலைப்பாவிலிருந்து உடனே வரவில்லை. குஞ்சத்தை நேராக்கி, கல்லை நடுவுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி இருந்து பார்த்தார். புதுப்பெண் மாப்பிள்ளையை என்ன ஆசையாகப் பார்க்கிறாள் என்று பக்கத்தில் இருந்த மாமிமார் ஒருவரையொருவர் இடித்தார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், ஆனால் சித்தி பார்த்தது தலைப்பாவை.

அப்போது சித்தியின் இடது கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கியது. பூச்சில் கோடு விழுந்தது. அலங்காரம் செய்த அக்கா பஞ்சோடு ஓடிவருவதற்கு முன்னால் நான் மேடையில் ஏறிச் சித்தியின் காதுக்குள் கேட்டேன்.

“சித்தி, இண்டைக்கும் லென்ஸ் போட்டிருக்கிறீங்களோ?”

சித்தி என் பக்கம் திரும்பினார். அவருக்கு நான் புகையாகத் தெரிந்திருப்பேன். என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார்.

“ஓம் குஞ்சு. லென்ஸ்தான்.”

எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. இறங்கிப்போய் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடினேன். சாப்பாட்டு நேரம் சித்தி என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் தரச்சொன்னார். கைப்பையைத் திறந்து, பாவாடை நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். லென்ஸ் போட்டிருப்பவருக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.